மாப்பிள்ளை முகத்துத் திருநீறு

போன புதன்கிழமை என் மருமகள் தர்சினிக்குக் கலியாணம். தாலி கட்டி முடிந்து, ஆட்கள் அறுகரிசி போட்டு வாழ்த்த வரிசையில் நிற்கிறார்கள். காங்கேசன்துறையிலிருந்து வந்த தூரத்து மாமி ஒருவர், மாப்பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்த்தார். நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறி. அவ்வளவுதான். மாமிக்குப் பெரிய ஏமாற்றம்.

“என்ன தம்பி, படத்திலை முகம் முழுக்கப் பூசியிருந்தீர்... இண்டைக்கு நெத்தியிலை மட்டும்தானே?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மேளக்காரரைப் பார்த்தேன்.

இரண்டு மாதமாக வாய்க்குள் வைத்திருந்த கதை. தாலி ஏறிவிட்டது. இனிச் சொல்லலாம்.

தர்சினி என் அக்காவின் மகள். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். அவளுடைய அப்பா — என் அத்தான் — பண்டத்தரிப்பில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். கோயிலில் எந்தப் பூசைக்கும் முதல் ஆள். இளமையில் கூத்தில் சிவன் வேஷம் கட்டியவர். போன வருடம் இந்தப் பத்தியிலேயே அதை எழுதினேன், பலர் உருகிக் கடிதம் போட்டிருந்தீர்கள். ஞாபகமிருக்கிறதா?

தரகர் கொண்டுவந்த சம்பந்தம் சுவீடனில். பெயர் கஜன். தாய் தகப்பன் சண்டிலிப்பாய். பிள்ளை பிறந்தது அங்கே. எஞ்சினியர். மிருதங்கமும் தவிலும் படித்தவர். சனி ஞாயிறுகளில் ஏதோ மியூசிக் குரூப்பில் வாசிக்கிறாராம். தரகர் அந்தக் கடைசி வசனத்தை மட்டும் கொஞ்சம் விரைவாகச் சொன்னார்.

நாலு மாதம் போனில் கதைத்த பிறகு தர்சினிக்கும் பிடித்துவிட்டது. அப்போதுதான் பிரான்சிலிருக்கும் ஒரு சொந்தக்காரர், அந்த மியூசிக் குரூப்பின் படம் ஒன்றை அத்தானுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார்.

முகம் முழுக்க வெள்ளை. கண்ணைச் சுற்றிக் கறுப்பு. கறுப்பு உடுப்பு. மணிக்கட்டில் முள்ளு வைத்த தோல் பட்டி.

வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே சம்பந்தம் முறிந்திருக்கும். நம்மூர் அப்படியா? அத்தான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கோயில் வீதிக்குப் போய் எல்லோருக்கும் காட்டினார். முகம் முழுக்கத் திருநீறு பூசியிருக்கிறான் பொடியன் என்றார். கறுப்பு உடுப்பா? ஐயப்பன் விரதம். முள்ளுப் பட்டியா? காவடி நேர்த்தியாக இருக்கும். கண்ணில் கறுப்பு? தாய் மை பூசி விட்டிருக்கிறா, கண்ணூறு படாமல்.

ஊர் அழாத குறை. பனிக்குள்ளும் சைவத்தை விடாத பிள்ளை!

எனக்கு மட்டும் அழ நேரமில்லை. ஏனென்றால் விசாரிக்கிற பொறுப்பு என் தலையில். மாப்பிள்ளை வீட்டு வேலியோரம் நின்று, கடைக்காரனிடம் பேச்சுக் கொடுத்து, குடியா சீட்டாட்டமா என்று அறிவதுதான் நமது முறை. சுவீடனில் எந்த வேலி? ஆகவே பத்திரிகையில் எழுதுகிறவன், இன்டர்நெட் தெரிந்தவன் என்று என்னைப் பிடித்துவிட்டார்கள்.

விசாரித்தேன். அது பிளாக் மெட்டல் என்ற முரட்டு ராக் இசை பாண்ட். அந்த வெள்ளை, பிணம் போலத் தெரிவதற்காகப் பூசுவது.

பாட்டைப் போனில் போட்டேன். வீட்டு நாய் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்பானருடன் வந்தார். வாட்டர் பம்பின் பெயரிங் போய்விட்டது என்று நினைத்தாராம்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குழுவின் சரித்திரம் சுவாரசியமானது. குளிர்காலத்தில் வெயிலே எட்டிப் பார்க்காத ஒரு வடக்குப் பட்டினம். நாலு பொடியங்கள். ஒருவனுடைய தாயார் உடுப்புத் தோய்க்கிற அறையில் தொடங்கியிருக்கிறார்கள். முதல் கசெட்டை வேண்டுமென்றே கரகரவென்று பதிந்தார்களாம். நம்மூர் லவுட்ஸ்பீக்கரில் தானாக வருகிற சத்தம் அது. அவர்கள் பாடுபட்டு வரவழைத்திருக்கிறார்கள்! பாடகர் பாடுவதில்லை, தொண்டையைக் கிழித்து அலறுகிறார். கிட்டார் மழை மாதிரி ஓயாமல் கொட்டுகிறது. டிரம்ஸ் அதைவிட வேகம். ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

பிறகு பரிசோதனை செய்யும் ஆசை வந்தது. பாதிக் கிட்டாரைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தேவாலய ஆர்கன், சாக்சபோன், ஏரியில் பனிக்கட்டி வெடிக்கிற சத்தம் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். பழைய ரசிகர்கள் துரோகிகள் என்றார்கள். நாலு பேர் இருந்த குழு மூன்றாகப் பிரிந்தது. இதை நமக்கெல்லாம் விளக்க வேண்டுமா என்ன?

அப்படி டிரம்ஸ்காரர் விலகிய இடத்துக்கு வந்தவர்தான் நம் கஜன். வந்தவர் தவிலைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டார். கடைசி இசைத்தட்டில் ஒரே ஒரு பாட்டு — முக்கால் மணி நேரம். நாலு தவணையாகக் கேட்டு முடித்தேன். நடுவில் ஓரிடத்தில் எல்லா அலறலும் நின்று, தவில் மட்டும் தனியாக, மெதுவாக, தேர் இருப்பிடத்துக்குத் திரும்புகிற நேரம்போல வருகிறது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மயிர் கூச்செறிந்தது.

ஆனால் அத்தானுக்கு? சிவன் வேஷம் கட்டிய மனுசனுக்கு, மருமகன் பிணவேஷம் போட்டு அலறுகிறவர் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டு, கலியாணத்துக்குப் பிறகு யாராவது வீடியோவை அனுப்பினால்?

தர்சினிக்கு எல்லாம் தெரியும் என்பது அவள் என் வீட்டுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. போனிலிருந்த படத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“மாமா, அப்பா திருநீறெண்டு நம்பீட்டார். அப்பிடியே இருக்கட்டும். எனக்கு உவர்தான் வேணும்.”

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. வாராவாரம் உங்களுக்கு நேர்மையைப் பற்றி எழுதுகிறவன் நான். மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பண்டத்தரிப்புக்குப் போனேன்.

அத்தான் வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டைப் போடச் சொன்னார். தவில் வந்த இடத்தில் அவருடைய விரல் முழங்காலில் தாளம் போட்டது. பாட்டு முடியும்வரை இன்னும் ஏழெட்டுப் பிடி கட்டினார்.

“திருநீறெண்டால் வேர்வையிலை கரையும் மச்சான். படத்திலை வேர்வை ஓடுது, உது கரையேல்லை. நான் பூசாத வெள்ளையே?”

எனக்குப் புரியவில்லை. சிவன் வேஷத்துக்கும் இப்படித்தான் பூசுவார்களா என்று கேட்டேன்.

“சிவனுக்கு ஆர் கண்ணைச் சுத்திக் கறுப்படிக்கிறது? நான் கட்டினது எமன்.”

பிறகு சொன்னார். அக்காவுக்கு அவரை மாப்பிள்ளையாகப் பேசியபோது, என் தகப்பனார், அப்பு, ஒருவருக்கும் சொல்லாமல் விசாரிக்கப் போயிருக்கிறார். போன நேரம் கூத்து நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வெள்ளை பூசி, கையில் கயிற்றோடு, அலறிக்கொண்டு மேடையில் பாய்கிறார். பிள்ளைகள் சிதறி ஓடுகிறார்கள். அப்பு கடைசிவரை நின்று பார்த்தார். முடிந்த பிறகு பின்னால் வந்து கேட்டது ஒரே கேள்வி — குடிக்கிறனீரோ? இல்லை என்றார் அத்தான். வீட்டுக்கு வந்த அப்பு, பொடியன் சிவன் வேஷம் கட்டுகிறவன் என்று எங்கள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

“ஊர் கேக்க முன்னம் நாங்கள் ஒண்டைச் சொல்லிப்போட வேணும். பிறகு ஊர் தேடாது. உன்ரை அப்பு எனக்குச் செய்தவர். நான் என்ரை பிள்ளைக்குச் செய்யிறன்.”

படம் வந்த முதல் நிமிடமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. மகளின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கோயில் வீதிக்குப் போயிருக்கிறார். ஊருக்கு உபதேசம் செய்கிற எனக்கு, பிள்ளைக்காக ஒரு பொய் சொல்லத் தைரியம் வரவில்லையே.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன்.

“எழுது. உன்ரை பத்தியை ஊரிலை ஆர் நம்புகினம்?”

கலியாண வீட்டில் அந்த மாமியைச் சமாளித்ததும் அவர்தான். முகம் முழுக்கப் பூசுவது விசேஷ பூசைகளுக்கு மட்டும் என்றார். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆகவே ஒரு திருத்தம்: போன வருடம் இப்பத்தியில் ‘சிவன்’ என்று வந்ததை ‘எமன்’ என்று திருத்தி வாசிக்கவும், மாப்பிள்ளையின் திருநீற்றில் திருத்தம் ஏதும் இல்லை.