சாரத்தின் மேல் மூன்றுக்கு இரண்டு

ஹெக்டர் மன்ரோவுக்கு இடது கைப் பழக்கம். கோவன் கப்பல் பட்டறையில், தகடுகளைப் பிணைக்கும் ரிவிட் ஆணி அடிப்பவர்களிடம் இதைச் சொன்னால் எழுந்து நின்று கை கொடுப்பார்கள். ஒரு ரிவிட்டை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி அடிக்கவேண்டும்; ஒருவன் வலது கை, ஒருவன் இடது கை. வலது கைக்காரன் தெருவுக்குத் தெரு இருக்கிறான். இடது கைக்காரன் கிடைப்பது குதிரைக் கொம்பு.

எங்கள் குழுவில் வலது கை டேன் கவிகன். நான் ஆர்ச்சி. தகட்டுக்கு உள்பக்கம், கப்பலின் வயிற்றுக்குள் இருட்டில் உட்கார்ந்து, ரிவிட்டின் தலைக்குக் கனத்த சுத்தியலால் முட்டுக்கொடுப்பது என் வேலை. வெளியே சாரத்தில் நிற்கும் இருவரையும் நான் பார்ப்பதில்லை, கேட்பதோடு சரி. டேனின் அடி கொஞ்சம் மந்தம். ஹெக்டரின் அடி நறுக்கென்று விழும்.

ஏப்ரலில் ஐப்ராக்ஸ் கால்பந்து மைதானத்தில் கூட்டம் நின்ற மரப்பலகை மேடை உடைந்து விழுந்ததே, அதில் ஹெக்டரும் விழுந்தான். தோள் எலும்பு முறிந்தது. பக்கத்தில் நின்ற சிலர் வீடு திரும்பவில்லை. ஜூனில் எலும்பு கூடிவிட்டது, ஆனால் நாலு மாடி உயரச் சாரத்தில் ஏறவேண்டுமே. அதுவும் பலகைதான். முதல் ஏணியிலேயே பாதியில் இறங்கிவிட்டான். மேஸ்திரி சனிக்கிழமை வரை கெடு கொடுத்தார். அதற்குள் ஏறாவிட்டால் ஹெக்டருக்குப் பட்டறை முற்றம் கூட்டும் வேலை. எங்கள் குழுவும் கலைந்துபோகும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்த வாரம்தான் செத்தவர்களின் குடும்பங்களுக்காக நடந்த கால்பந்துப் பந்தயத்தின் இறுதி ஆட்டம். நாலு அணிகள் ஆடின: இங்கிலாந்திலிருந்து இரண்டு, நம் ஊரிலிருந்து ரேஞ்சர்ஸும் செல்டிக்கும். போன வருஷம் தாங்கள் ஜெயித்த கோப்பையையே ரேஞ்சர்ஸ் பரிசாகக் கொடுத்திருந்தது. கடைசியில் மோதியதும் நம் ஊர்க்காரர்கள் இருவரும்தான். ஹெக்டர் ரேஞ்சர்ஸ் பைத்தியம், டேன் செல்டிக் பைத்தியம். எனக்குப் பந்தே ஆகாது; இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நிற்க ஓர் ஆள் வேண்டுமென்று போனேன்.

“என்கூட விழுந்தவங்களுக்காக ஆடுறாங்க. போகாம இருக்க முடியுமா?” என்று ஹெக்டர் வந்துவிட்டான். ஆனால் வேலியோரம் தரையில்தான் நின்றான். மேடைமேல் வரச்சொல்லிக் கூப்பிட்ட டேனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கூடுதல் நேரமும் முடியப்போகும் தறுவாயில் செல்டிக் மூன்றாவது கோலைப் போட்டது. மூன்றுக்கு இரண்டு.

“நாங்களே கோப்பையைக் குடுத்து, நாங்களே தோத்து...” வழியெல்லாம் ஹெக்டர் புலம்பினான்.

“தருமம்னா முழுசாப் பண்ணணும் மாப்ளே,” என்றான் டேன்.

மறுநாள் காலை கப்பலைப் பார்த்துப் பட்டறையே சிரித்தது. சாரத்தின் உச்சியில், ஹெக்டர் நிற்கவேண்டிய இடத்துக்கு நேரே, தகட்டில் சாக்பீஸால் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது: செல்டிக் 3, ரேஞ்சர்ஸ் 2. பக்கத்தில் டேன், கையைக் கட்டிக்கொண்டு.

“அழிடா அதை!” கீழிருந்து ஹெக்டர் கத்தினான்.

“அது உன் இடம்டா. நீ வந்து அழிச்சுக்கோ.”

“இறங்கி வா, மூஞ்சியைப் பேத்துடுறேன்.”

“மூஞ்சி இங்கதான் இருக்கு. வேணும்னா மேல வா.”

மேஸ்திரி வருவது தெரிந்ததும் நான் கப்பலுக்குள் நழுவி என் இடத்தில் உட்கார்ந்தேன். வெளியே சாரத்து ஏணியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. நின்றது. வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி கேட்டது. பலகை கிறீச்சிட்டது. பிறகு தகட்டைச் சட்டைக்கையால் பரபரவென்று தேய்க்கும் சத்தம். கூடவே டேனின் பரம்பரை முழுவதையும் இழுத்து வசவு.

உலையில் பழுத்த ரிவிட் என்னிடம் வந்தது. துளையில் செருகி முட்டுக்கொடுத்தேன். டேன் அடித்தான். எதிரடி இல்லை. ஆறிவிட்டால் ரிவிட் பாழ். எந்த ரிவிட்காரனும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கமாட்டான். டேன் மறுபடி அடித்தான்.

“ஆறுதுடா,” என்றான் மெதுவாக.

“தெரியுது. சுத்தியலைக் குடு.”

நறுக்கென்று விழுந்தது அடி. என் தோள்வரை அதிர்ந்தது. அதற்குப்பின் டேன், ஹெக்டர், டேன், ஹெக்டர். நான் இருட்டில் முட்டுக்கொடுத்தபடி அழுதுகொண்டிருந்தேன்.