பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன்

சின்னமனூரில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால், "கம்ப்யூட்டர் கத்துறதக் கேட்டுக்கிட்டு இருக்கிற வேலை" என்று சொல்வேன். அது பொய்யில்லை. வெளிநாட்டு மருந்து விநியோக நிறுவனம் ஒன்றுக்குப் பல கிடங்குகள் இருந்தன. அங்கே ஓடும் சர்வர்கள், நெட்வொர்க் பெட்டிகள், குளிர் அறைகளின் வெப்பநிலைக் கருவிகள் எல்லாம் எங்கள் திரையோடு இணைக்கப்பட்டிருந்தன. எதில் கோளாறு வந்தாலும் திரையில் ஒரு சிவப்பு வரி விழும். அதுதான் அலர்ட். நான் வேலை பார்த்த கம்பெனி சென்னையில் இருந்தது. கொரோனா காலத்தில் மடிக்கணினியோடு ஊருக்கு வந்த நான் திரும்பிப் போகவில்லை. மாடியறை ஜன்னலைத் திறந்தால் மேகமலை தெரியும். ஷிப்ட் நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பக்கூட முடியாது.

ஏனென்றால் அலர்ட் ஒற்றையாக வராது. ஒரு கிடங்கில் ஒரு நெட்வொர்க் பெட்டி படுத்துவிட்டால், அதன் பின்னால் இருக்கிற அத்தனை கருவிகளும் 'நான் செத்தேன், நான் செத்தேன்' என்று ஒன்றாகக் கத்தும். உண்மையில் செத்தது ஒன்றுதான். திரை மட்டும் மிளகாய் காயப்போட்ட களம் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'அக்னாலெட்ஜ்' என்று ஒரு பொத்தான் உண்டு. நாங்கள் 'ஆக்' என்போம். அதை அழுத்தினால் 'பார்த்துவிட்டேன், நான் கவனித்துக்கொள்கிறேன்' என்று பொருள். அழுத்தியபின் அந்த அலர்ட் வாயை மூடிக்கொள்ளும். சில நிமிடங்களுக்குள் எல்லாவற்றையும் அழுத்தியிருக்க வேண்டும், ஒன்றுகூடச் சிவப்பாக நிற்கக் கூடாது என்பது எங்கள் விதி. ஆகவே எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்தோம். மொத்தத்தையும் தேர்ந்தெடு, ஒரே அழுத்து, திரை சுத்தம்.

ஒரு மதியம் அப்படி ஒரு வெள்ளம் வந்தது. அப்போது பணியில் இருந்தவள் உத்தமபாளையத்துப் பெண். அவளும் என்னைப் போல வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள், சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. விதிப்படி அனைத்தையும் தேர்ந்தெடுத்து அழுத்தினாள். அந்தக் கும்பலுக்குள் ஒரு குளிர் அறையின் அலர்ட்டும் இருந்தது. அதற்கும் நெட்வொர்க்குக்கும் சம்பந்தமே இல்லை. குளிரூட்டி நிஜமாகவே நின்றுபோயிருந்தது. 'ஆக்' ஆகிவிட்டதால் அது மறுபடி கத்தவில்லை. கிடங்கில் யாரோ கதவைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்த இன்சுலின் முழுக்க வீணாகியிருந்தது.

மறுநாள் அவள் பஸ் ஏறி என் வீட்டுக்கே வந்துவிட்டாள். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, என் கவனக்குறைவுதான்னு எழுதிக் குடுக்கச் சொல்றாக. குடுத்தா வேலை இருக்குமாம்."

"குடுத்தியா?"

"இன்னும் இல்ல. எங்க அத்தா எழுதிக் குடுத்துருங்கிறாக." அவள் அப்பாவை அத்தா என்றுதான் சொல்வாள்.

"எழுதாத. நீ அமுக்குனது தப்புன்னா நாங்க அத்தன பேரும் தெனம் அதத்தான் செய்றோம். விதி அப்படி. அந்த விதிய எழுதுனவுக எழுதிக் குடுக்கட்டும்."

அவளிடம் சொல்வது எளிதாக இருந்தது. அவள் போனபின் எனக்கே உறைத்தது. அவளை எழுதாதே என்று சொல்லிவிட்டு, சாயந்தரம் நான் உட்கார்ந்து அதே பொத்தானை அதே மாதிரி அழுத்துவதா? அன்று ஷிப்ட் தொடங்குமுன் குழுவுக்கு ஒரு வரி எழுதினேன்: 'இனி நான் திறந்து படித்த அலர்ட்டுக்கு மட்டுமே ஆக் போடுவேன்.'

ஆக் போடாத வரிகள் குவிந்து, ஒரே நாளில் குழுப் பட்டியலில் என் பெயர் மட்டும் சிவப்பானது. மேனேஜர் போனில் கூப்பிட்டார். நல்லபடியாகத்தான் ஆரம்பித்தார்.

"எல்லாரும் பண்றாங்க. உங்களுக்கு மட்டும் என்னங்க பிரச்சினை?"

"பாக்காதத பாத்தேன்னு சொல்ல முடியாது சார்."

"அது ஒரு ஃபார்மாலிட்டி."

"குளிர் அறைக்கும் ஃபார்மாலிட்டியாத்தான் ஆக் போட்டோம்."

அவர் குரல் மாறியது. "ஒர்க் ஃப்ரம் ஹோம்ங்கிறது ஒரு சலுகை. ஞாபகம் வச்சுக்கோங்க."

பேச்சு அறைக்கு வெளியே கேட்டிருக்க வேண்டும். திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு வந்திருந்த அப்பா படியில் நின்றிருந்தார்.

"ஏத்தா, ஊரோட ஒத்துப் போயேன். ஒரு பொத்தான அமுக்குறதுல என்னத்தா கொறஞ்சு போச்சு? இங்கன உக்காந்து இந்தச் சம்பளம் வேற யாரு தருவாக?"

"தரமாட்டாகப்பா. அதுக்காக அமுக்க முடியாது."

அவர் படியிறங்கிப் போனார். சமாதானமாகிப் போகவில்லை. கோபமாகத்தான் போனார்.

மறுத்தால் மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். ஓய்வு நாட்களில் உட்கார்ந்து, எந்த அலர்ட் எதன் வால் பிடித்து வருகிறது என்று தேடினேன். பெட்டி படுத்தால் அதன் பின்னால் இருப்பவை தனித்தனியாகக் கத்தாமல் ஒரே வரிக்குள் அடங்க வேண்டும். தானாகவே சரியாகிற சின்னக் கோளாறுகள் கொஞ்சம் பொறுத்துவிட்டு வரட்டும். குளிர் அறை அலர்ட்டை மட்டும் எந்தக் கும்பலோடும் சேர்க்கக் கூடாது, அதைத் தனியாகத் திறந்துதான் ஆக் போட முடிய வேண்டும். இதற்கான அமைப்புகள் நாங்கள் பயன்படுத்திய மென்பொருளிலேயே இருந்தன. யாரும் தொட்டதில்லை. உத்தமபாளையத்துப் பெண்ணும் கூட உட்கார்ந்தாள். அவள் அதுவரை எழுதிக் கொடுக்கவில்லை.

மேனேஜரிடம் காட்டினேன். முழுக்கப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இது நல்லாத்தான் இருக்கு. ஆனா அலர்ட் குறைஞ்சா, இவ்வளவு பேர் எதுக்குன்னு கிளையன்ட் கேப்பான். யாரை வீட்டுக்கு அனுப்பலாம்னு நீங்களே சொல்லுங்க."

அந்தக் கேள்வி நியாயமானதுதான், இன்றும் என்னைக் குடைகிறது. ஆனால் அதற்காக இன்னொரு குளிர் அறையைப் பலி கொடுக்க முடியாது என்று மட்டும் சொன்னேன்.

இன்சுலின் விவகாரத்தை விசாரிக்க மருந்து நிறுவனத்தார் ஒரு கூட்டம் வைத்தார்கள். நாங்களும் திரையில் இருக்க வேண்டும், ஆனால் மைக்கை மூடியே வைக்க வேண்டும் என்று உத்தரவு. ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது, கரண்ட் வேறு போய்விட்டது. செல்போன் நெட்டில் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னார்: ஒரு தனிநபரின் கவனக்குறைவு, அவருக்கு மறுபயிற்சி தரப்படும்.

திரையின் ஒரு மூலைக் கட்டத்தில் அந்தப் பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் மைக்கைத் திறந்தேன்.

என் ஆங்கிலம் கம்பம் பஸ் மாதிரி, நின்று நின்றுதான் போகும். ஆனாலும் சொன்னேன். "அது ஒருவரின் தவறு இல்லை. நாங்கள் பார்த்துவிட்டதாக உங்களிடம் சொல்கிற அலர்ட்டுகளில் பெரும்பாலானவற்றை யாருமே பார்ப்பதில்லை. பார்க்கவும் முடியாது. நேற்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்."

மருந்து நிறுவனத்தின் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் கேட்டார், "அப்படியானால் என்ன செய்யலாம்?" நாங்கள் செய்து வைத்திருந்ததைத் திரையில் காட்டினேன். ஒரு கிடங்கில் மட்டும் முயன்று பார்க்கலாம் என்றார் அவர்.

முயன்றோம். முதல் நாள் காலை அந்தக் கிடங்கின் திரை ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. சென்னையிலிருந்து ஒருவர் பதறிப்போய் அழைத்தார், "ஏங்க, மானிட்டரிங்கே செத்துப்போச்சா?" வந்த சில வரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தோம். படித்தபிறகுதான் ஆக் போட்டோம். கொஞ்ச நாளில் மற்ற கிடங்குகளுக்கும் அது பரவியது.

உத்தமபாளையத்துப் பெண் எதுவும் எழுதிக் கொடுக்காமலே வேலையில் நீடித்தாள். எனக்கு அந்த வருடம் சம்பள உயர்வு இல்லை. கூட்டத்தில் கட்டுப்பாட்டை மீறியதற்கு வருத்தம் தெரிவித்து ஒரு மெயில் அனுப்பினால் பரிசீலிக்கலாம் என்றார்கள். நான் அனுப்பவில்லை. அப்பாவிடம் சொன்னபோது, "நீ அனுப்பமாட்டேன்னு தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பினார். பாராட்டா சலிப்பா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு என்னை வேறு குழுவுக்கு மாற்றினார்கள். வேறு கிளையன்ட், வேறு திரை, அதே சிவப்பு வெள்ளம். முதல் நாளே புதுக் குழுத் தலைவர் சொல்லிக்கொடுத்தார், "வந்ததும் மொத்தமா செலக்ட் பண்ணி ஆக் போட்டுருங்க. ஈசி."

"நான் படிச்சுட்டுத்தான் போடுவேன்," என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முதல் வரியைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன்.