மாமியாரின் வேண்டுதலும் என் புது மாத்திரையும்

புழுவெட்டு வந்து என் தலை வழுக்கையானதும், தெஹியோவிட்டப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் வைத்தியம் சொல்லாத வாயே இல்லை. சின்ன வெங்காயம் தேய்த்தேன். சிங்கள வைத்தியர் தந்த எண்ணெயைப் பூசித் தலையணையை நாறவைத்தேன். ஆஸ்பத்திரியில் தலை முழுக்க ஊசி போட்டார்கள். களிம்பும் மாத்திரையும் தந்தார்கள். கொஞ்சம் முளைக்கும், மருந்தை நிறுத்தினால் கொட்டிவிடும். சனியன்!

பிறகு கேகாலையில் ஒரு டொக்டரம்மா புது மாத்திரை எழுதினார். அதற்கு முன் பழைய வைத்தியம் ஒவ்வொன்றையும் துருவித் துருவிக் கேட்டார்.

“இவ்வளவு மருந்துக்கும் பிடிகொடுக்காத தலைக்கு இது மெதுவாத்தான் வேலை செய்யலாம். செய்யாமலும் போகலாம். அவசரப்பட்டு நிறுத்திடாதீங்க.”

 கண்டபடி வெட்டி ரணமாக்கிய மரத்தில் பட்டை ஆறி வர எவ்வளவு காலமாகும் என்று, பால் வெட்டுகிற எனக்குத் தெரியாதா?

மாதங்கள் போயின. ஒன்றுமில்லை. புருஷன் மீது எரிந்து விழுந்தேன். ஆனால் மாத்திரையை விடவில்லை. ஒருநாள் தண்ணீர் கொட்டும் பீலியடியில் முகம் கழுவும்போது மாமியார் என் தலையைத் தடவிவிட்டுக் கத்தினார்.

“ஏ புள்ள, முடி! கருகருன்னு முடி!”

வரிசை வீடுகளிலிருந்து லயமே ஓடி வந்தது. நான் குதித்தேன். முடி விரலில் சுற்றும் அளவு வளர்ந்த பிறகுதான் மாமியார் மெல்ல வாயைத் திறந்தார்.

“முடி வந்தா மொட்டை போடுறோம்னு முருகனுக்கு வேண்டியிருக்கேன்.”

“யாரைக் கேட்டு வேண்டுனீங்க? செஞ்ச வைத்தியத்தையெல்லாம் டொக்டரம்மாகிட்ட சொன்னேனே, இந்த வேண்டுதலைப் போயி யாருகிட்ட சொல்லுவேன்? செத்தாலும் என் முடியைக் குடுக்க மாட்டேன்!”

 வெள்ளிக்கிழமை மாமியார் என்னைக் கோயிலுக்குக் கூப்பிட்டார். தலையை முந்தானையால் இறுக்கிக்கொண்டே போனேன். அங்கே மொட்டை போடுபவர் முன்னால் போய் உட்கார்ந்தது மாமியார்தான். தன் கொண்டையை அவிழ்த்துவிட்டார்.

“வேண்டுனது நானு. என் முடி போகட்டும்.”

நான் தடுப்பதற்குள் கத்தி ஓடிவிட்டது. சந்தனம் பூசிய அந்த மொட்டைத் தலையைக் கட்டிக்கொண்டு கோயில் வாசலிலேயே அழுதேன். அத்தனை சந்தோஷத்தை நான் அனுபவித்ததே இல்லை.

“அழுவாத புள்ள,” என்று சிரித்தார் மாமியார். “ஒரு மருந்தும் படாத தலை இது. உனக்கு முந்தி எனக்குத்தான் வளரும், பாரு!”