பதினோராவது வண்டி

செங்கல்பட்டில் கார் ஏசி ரிப்பேர் கடை வைத்திருந்த ரவிச்சந்திரனுக்குக் கை வேகம், யோசனை அதைவிட வேகம். தொண்ணூற்றெட்டில், வானத்து ஓசோனில் ஓட்டை விழுகிறதென்று பழைய ஏசி காஸ் தயாரிப்பைக் குறைத்துவிட்டார்கள். கடை கடையாக அலைந்தும் கிடைக்கவில்லை. நம் ஆள் என்ன செய்தான் தெரியுமா? சமையல் காஸை அடைத்துவிட்டான். ஜில்லென்று வந்தது. மாமல்லபுரம் டாக்சிக்காரர்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். பதினோரு வண்டிகளுக்குப் போட்டுக் கொடுத்தான்.

ஒரு நாள் கடையில் குழாய் கழன்று, பக்கத்து மோட்டாரின் பொறி பட்டுக் குப்பென்று பிடித்தது. இரண்டு புருவமும் போயின. மனைவி அம்சா முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள். அவனுக்கோ அந்தப் பதினோரு வண்டிகளும் கண்ணில் நின்றன. சோறு இறங்குமா? மறுநாளே கிளம்பி, "தப்பு என்னுதுதான்" என்று சொல்லிச் சொல்லிப் பத்து வண்டிகளில் காஸை இறக்கினான். மெக்கானிக் வாயில் லேசில் வருகிற வார்த்தையா அது?

மிச்சம் மாமல்லபுரத்தில் டாக்சி ஓட்டும் உயிர் சிநேகிதன் சம்பத்தின் அம்பாசடர். டாஷ்போர்டில் பிள்ளையார், அவருக்கு எந்நேரமும் ஊதுபத்தி.

"எட்டு மாசமா ஓட்டிகினு கீறேன், இன்னா ஆயிடுச்சு? போடா மச்சான்," என்றான் சம்பத். ஏர்போர்ட்டில் ஆள் ஏற்றக் காலி வண்டியோடு கிளம்பிக்கொண்டிருந்தான்.

ரவிச்சந்திரன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். ஊதுபத்தியை விரலால் நசுக்கி அணைத்தான். நான்கு கண்ணாடிகளையும் இறக்கினான்.

"காஸ் வாசன வருதுடா."

"ஊதுபத்தி வாசனடா அது. ஏசி ஓடசொல்ல எவண்டா கண்ணாடிய எறக்குவான்?"

வழியில் சம்பத் தீப்பெட்டியை எடுத்தான். ரவிச்சந்திரன் அதைப் பிடுங்கி வெளியே வீசினான். அதற்கப்புறம் சம்பத் வாயில் ஒரே திட்டு.

கோவளத்துக்கு முன்னால் சம்பத் வண்டியை ஓரம் கட்டினான். "உன்னோட ஒரே பேஜாரா கீதுடா. எறக்கித் தொல."

ரவிச்சந்திரன் எஞ்சினை அணைத்துவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த சோப்புத் தண்ணீரைக் குழாய்களில் தடவினான். டாஷ்போர்டுக்கு அடியில், பிள்ளையாருக்கு நேர் கீழே, நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது. சம்பத் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ நெஜமாவே வாசன வந்துச்சா?"

"ஏறினதுமே வந்துச்சு."

"அப்புறம் ஏண்டா எறங்காம வந்த?"

"நீ உள்ள ஒக்காந்துகினு கீற. நான் எங்கடா எறங்கறது?"