ஜோடி சேராத ரிக்கார்டு

இல்லை, ஆறுமுகத்தாய் ரூம் பேப்பரை யாருக்கும் விற்கவில்லை. புரோக்கரிடம் கொடுத்தாள், ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தாள், செம்பூரில் ஒரு கிழவனிடம் அடகு வைத்தாள் என்று குழாயடியில் ஆளுக்கொரு வாயாகப் பேசட்டும். பத்துப் பேர் பேசினால் பொய் மெய்யாகிவிடுமா? அவள் பைக்குள் என்ன இருந்தது என்று கண்ணால் பார்த்தவர்களே இன்னும் பேசுகிறார்கள். அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. பார்க்காதவர்களுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருமகள் கலைச்செல்வியின் பக்கத்தில் நின்று சொல்வதுதான் முறை. சந்தேகம் முதலில் முளைத்தது அவள் மனசில்தான்.

தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு ரூம் அது. ஆறுமுகத்தாயின் புருஷன் இருந்த காலத்தில் வாங்கியது. அவர் போய் ஒன்பது வருஷம். மகன் ஹரி பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். ஆறுமுகத்தாய்க்கு ஜெயினுலாப்தீன் பாயின் கோடவுனில் வேலை. வந்து குவிகிற பழைய பிளாஸ்டிக்கை ரகம் ரகமாகப் பிரிக்க வேண்டும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். சுண்டிப் பார்க்க வேண்டும், வளைத்துப் பார்க்க வேண்டும், சந்தேகம் வந்தால் ஓரத்தைக் கொளுத்தி மோந்து பார்க்க வேண்டும். முப்பது வருஷத்தில் அவள் கொளுத்துவதையே விட்டுவிட்டாள். நகத்தால் ஒரு சுண்டு, காது சொல்லிவிடும். பாயே தகராறு வந்தால் அவளிடம்தான் நீட்டுவார்.

அந்தக் காதுதான் வினையானது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாதுங்காவில் யாரோ ஒரு வீட்டைக் காலி செய்தார்கள். மூட்டை மூட்டையாகப் பழைய ரிக்கார்டுகள் வந்தன. கோடவுனில் ரிக்கார்டுக்கு ஒரு முறை உண்டு. நடுவில் ஒட்டிய காகிதம் மாலோடு, அதாவது பிளாஸ்டிக் சரக்கோடு, சேர்ந்து உருகினால் மொத்தமும் கெட்டுப் போகும். அதனால் வந்ததும் வட்ட உளியை வைத்து ஒரே அடி. உள்ளங்கை அகலத்துக்கு நடுவட்டம் கழன்று விழும். அது குப்பைக்கு, கருப்பு வளையம் அரவை மிஷினுக்கு. ஆறுமுகத்தாய் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருந்தாள். எதிர்க் கடை ஆஷிக், பழைய மிஷின்களை ரிப்பேர் பார்க்கிறவன், ஒரு ரிக்கார்டு பிளேயரைச் சரிசெய்து, முள் ஓடுகிறதா என்று பார்க்க அவள் குவியலிலிருந்தே ஒன்றை எடுத்துப் போட்டான்.

ஆண்களின் குரல், கூட்டமாக. வாத்தியம் ஒன்றுமில்லை. அரவை மிஷினை நிறுத்தியதும் கடைசியாக ஒரு முனகல் இறங்கி இறங்கித் தரைக்குள் போகுமே, அந்த ஆழத்திலிருந்து மனுஷக் குரல் வந்தது. அன்று மதியம் வரைக்கும் அவள் உளியைத் தொடவில்லை. பாய் திட்டினார். அது ருஷ்யாக்காரர் ஒருத்தர் செய்த பாட்டு, ரக்மானினோவ் என்று பேர், இதெல்லாம் கேட்கிற பெரியவர் ஒருத்தர் செம்பூரில் இருக்கிறார் என்று ஆஷிக் சொன்னான்.

இதெல்லாம் கலைச்செல்விக்கு அப்போது தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை ஞாயிற்றுக்கிழமை ஆனால் தலை சீவி, வெளுத்த சேலை கட்டி, சதுரமாக எதையோ துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போவாள் என்பதுதான். எங்கே என்று கேட்டால் செம்பூர். எதற்கு என்றால் சும்மா. சும்மா யாராவது பஸ்ஸுக்கு நிற்பார்களா?

முன்பெல்லாம் இதை யாரும் கண்டுகொள்ளவில்லை. சர்வே வரப்போகிறது என்று ஆனதும் சந்தே வேறு சந்தாகிவிட்டது. ரூமை இடித்து வீடு தருவார்கள், பழைய பேப்பர் இருக்கிறவர்களுக்குத்தான் தருவார்கள் என்று பேச்சு. அந்தக் காலத்து லைட் பில்லும் ரேஷன் கார்டும் தாலியைவிடப் பத்திரமாயின. புதுமுகம் சந்துக்குள் வந்தால் புரோக்கர். பையோடு வெளியே போனால் புரோக்கரின் ஆள். பேச்சிராஜா தன்னைத் தானே கமிட்டித் தலைவனாக வைத்துக்கொண்டு, முக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பையையெல்லாம் கண்ணால் நிறுத்துப் பார்த்தான்.

அப்படியொரு நாளில்தான் கலைச்செல்வி பரணில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். உள்ளே வட்ட வட்டமாக, கெட்டியாக, நடுவில் ஓட்டையோடு முப்பதுக்கும் மேலே. எல்லாவற்றிலும் ஏதோ வெளிநாட்டு எழுத்து. அவள் இரண்டை முந்தானையில் முடிந்துகொண்டு போய்ப் பேச்சிராஜாவிடம் காட்டினாள். அவன் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது ஏதோ கம்பெனி சீலு தங்கச்சி. ஒரு ரூமுக்கு ஒண்ணு கணக்கா இருக்கும். நம்ம சந்துல எத்தனை ரூமு? முப்பத்தி நாலு."

கலைச்செல்வி வட்டங்களை வாங்கிக்கொண்டு ஓடினாள். வீட்டுக்கு வந்து ட்ரங்குப் பெட்டியைத் திறந்தாள். பேப்பர் வைத்திருந்த பிளாஸ்டிக் கவர் இருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை சர்வே. இது ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தை அப்போதுதான் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தாள்.

ஹரிக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். சயான் வரைக்கும் நடை. அங்கே பஸ்ஸில் அத்தை முன்வாசலில் ஏற, இவள் முக்காடு போட்டுப் பின்வாசலில் ஏறினாள். செம்பூரில் இறங்கி, கோயில் தாண்டி, பழைய காலனியில் தரைத்தள வீடு ஒன்றில் அத்தை மணி அடித்தாள். வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருத்தர் கதவைத் திறந்து, வாங்கோ என்று சொன்னது இவள் காதில் விழுந்தது. திருவேங்கடம் என்று கதவில் போர்டு.

கலைச்செல்வி ஜன்னலை ஒட்டி, செம்பருத்திச் செடிக்குப் பின்னால் நின்றாள். அத்தை துணியை அவிழ்த்தாள். புத்தகம் மாதிரி மடிக்கிற பெரிய அட்டை. அதன் ஒரு பக்கத்திலிருந்து கறுப்புத் தட்டு வந்தது. மறுபக்கத்திலிருந்து சில காகிதங்கள் வந்தன. பழுப்பேறிய லைட் பில் இவ்வளவு தூரத்திலிருந்தும் அவளுக்குத் தெரிந்தது. மாமனார் பெயர் போட்ட பில். அத்தை அதையெல்லாம் மேஜையில் வைத்தாள், அந்நிய மனுஷன் முன்னால்.

பிறகு இடுப்பிலிருந்து ஒரு வட்டத்தை எடுத்துப் பெரியவரிடம் நீட்டினாள். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஏதோ சொன்னார். அத்தை தலை குனிந்தாள். உள்ளேயிருந்து அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள், அதை யாரும் தொடவில்லை. பேரம் படியவில்லை என்று நினைத்தாள் கலைச்செல்வி.

அப்புறம் அந்தக் கூட்டக் குரல் கிளம்பியது. அவள் பிடித்திருந்த ஜன்னல் கம்பி அதிர்ந்தது. சினிமாப் பாட்டில்லை, பஜனையில்லை. மாதாகோயிலில் கேட்டது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. அத்தையை வேதத்தில் சேர்க்கிறார்களோ? அத்தை கண்ணை மூடி உட்கார்ந்து, பிளாஸ்டிக்கைச் சுண்டுகிற அதே நகத்தால் முழங்காலைச் சுண்டிக்கொண்டிருந்தாள். கலைச்செல்வி திரும்பி நடந்தாள். அந்தக் குரல் காலனி முக்கு வரைக்கும் அவள் பின்னாலேயே வந்தது போலிருந்தது.

பெரியவரிடம் நீட்டிய வட்டத்தின் கதை வேறு. ஆறுமுகத்தாய்க்கு எழுத்துத் தெரியாது. திருவேங்கடம் ஆலையில் ருஷ்ய இன்ஜினியர்களோடு வேலை பார்த்தவர், அந்த எழுத்துத் தெரிந்தவர். ரக்மானினோவ் பேரை அதில் எழுதிக் காட்டினார். அவள் முதல் மூன்று எழுத்தைப் படமாகப் பிடித்துக்கொண்டாள்: கம்பத்தில் பாதிக் கொடி, ஒரு கூடாரம், குறுக்கே போட்ட இரண்டு குச்சி. அதை வைத்தே இரண்டு வருஷத்தில் பதினாலு ரிக்கார்டு சேர்த்தாள். ஆனால் ஆஷிக் முதல் நாள் போட்டது இரண்டு தட்டுக் கொண்ட பாட்டு. ராத்திரி முழுக்க விழித்திருந்து கோயிலில் பாடுவதற்காகச் செய்தது. அவளிடம் முதல் தட்டு மட்டும்தான் இருந்தது. அட்டையின் மறுபக்கம் காலி. அந்த இரண்டாவது தட்டைத்தான் தாராவி முழுக்கத் தேடினாள். மற்ற கோடவுன் பெண்களிடம் அந்த மூன்று எழுத்தையும் தரையில் கீறிக் காட்டி, இப்படி வந்தால் எனக்கு எடுத்து வை என்று சொல்லி வைத்தாள்.

அவர்களும் மறக்காமல் எடுத்து வைத்தார்கள், வட்டத்தை. உளி அடிப்பதுதான் முதல் வேலை. அடிக்காத ரிக்கார்டு அவர்கள் கையில் தங்கியதே இல்லை. எழுத்து இருப்பது வட்டத்தில், அவள் கேட்டது எழுத்தை. ஓரம் பிசிறில்லாமல் வெட்டி, துடைத்து, ஆசையாகக் கொடுத்தார்கள். வெட்டாதே என்று சொல்ல வேண்டும் என்பது அவளுக்கும் முதலில் தோன்றவில்லை. தோன்றியபோது பாதி மால் அரைபட்டிருந்தது. சனிக்கிழமை ஒருத்தி கொண்டுவந்து கொடுத்த வட்டம், திருவேங்கடம் படித்துச் சொன்னபடி, அதே இரண்டாவது தட்டு. அதன் வளையம் அதற்குள் குருணையாகி மூட்டையில் ஏறிவிட்டது.

அந்தத் துக்கத்தோடு பஸ் இறங்கி வந்தவளைத்தான் முக்கில் மறித்தார்கள். ஹரியும் வந்திருந்தான். கலைச்செல்வி அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"பெரிம்மா, பையை இங்கன வையுங்க. நாலு பேர் பாக்கட்டும்" என்றான் பேச்சிராஜா.

"பாருலே. கையத் தொடச்சிட்டு எடு. வடை தின்ன கை அதுல படக்கூடாது."

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ரிக்கார்டை உருவிப் பையின் மேல் வைத்துவிட்டு, அட்டைக்குள் கையை விட்டான். லைட் பில், ரேஷன் கார்டு, மாமனாரின் பழைய ரசீதுகள், எல்லாம் வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. போன மழையில் ட்ரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்ததும், நனையாத இடம் இது ஒன்றுதான் என்று காலிப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். தன் கண்ணை விட்டுப் பிரியாத அட்டை ஆயிற்றே. எங்கே போனாலும் அதோடு பேப்பரும் போயிற்று. ஆஷிக் கடையிலிருந்து ஓடிவந்து, இது பாட்டு, நான்தான் முதலில் போட்டுக் காட்டினேன் என்று சத்தியம் செய்தான்.

"போன்ல வராத பாட்டா? அதக் கேக்க செம்பூருக்குப் போகணுமா?" என்று பேச்சிராஜா கேட்டான்.

போனில் போட்டும் காட்டினானாம் ஆஷிக். அடிக்குரல் இதில் இல்லை, மேல்தோல்தான் இருக்கிறது என்று ஆறுமுகத்தாய் தள்ளிவிட்டாளாம். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அத்தோடு முடிந்திருக்கலாம். ஹரி வாயைத் திறந்தான்.

"யம்மா, ஜெராக்ஸ் கிராக்ஸ் யாருக்கும் குடுத்தியா?"

ஆறுமுகத்தாய் அவனைப் பார்த்தாள். கலைச்செல்விக்கு அந்தப் பார்வை தன்னையும் துளைத்துக்கொண்டு போனது தெரிந்தது. ஜன்னலில் நின்று பார்த்ததை அவள் புருஷனிடம் சொல்லியிருந்தாள். பேப்பரைத் திரும்ப உள்ளே வைத்ததைப் பார்க்க நிற்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

"உங்கப்பன் பேரு போட்ட பேப்பருலே அது" என்றாள் ஆறுமுகத்தாய்.  ரிக்கார்டை மட்டும் குனிந்து எடுத்து, ஊதி, அட்டைக்குள் வைத்தாள்.

திங்கள் ராத்திரி கலைச்செல்வி பேப்பரைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். செவ்வாய் சர்வேக்காரர்கள் வந்தார்கள். புருஷன் போனபின் ரூம் ஆறுமுகத்தாய் பெயரில்தான் வரும். போட்டோவுக்கு நின்றாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், நீட்டிய இடத்தில் பெருவிரலை அழுத்தி வைத்தாள். கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். பேச்சிராஜா கைகொடுக்க வந்தபோது, மை காயவில்லை என்று விரலைக் காட்டினாள்.

புதன்கிழமை காலை ஹரி டெலிவரிக்குப் போன பிறகு அவள் இரண்டு சேலையை மடித்தாள். பதினாலு ரிக்கார்டையும் கயிறு போட்டுக் கட்டினாள். வாஷியில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன், இனி அங்கேதான் என்று சொன்னாள். பாயிடமும் சொல்லிவிட்டாளாம். எப்போதும் சுற்றுகிற துணியைச் சுற்றவில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று அந்த மடிப்பு அட்டையைக் கட்டின் மேலேயே வைத்திருந்தாள். அதன் காலிப் பக்கத்தில் இப்போது வெட்டிய வட்டம் ஒன்று கிடந்தது. தூக்கியபோது உள்ளே உருண்டது.

"அத்தை, இருங்க. அவங்க வரட்டும்" என்றாள் கலைச்செல்வி.

"பேப்பரு ட்ரங்குல மேலாப்புல வச்சிருக்கேன். கீழ வைக்காத. தண்ணி ஏறும்."

அவ்வளவுதான். கதவைத் தாண்டி இறங்கினாள்.

கலைச்செல்விக்கு அப்போது என்ன வந்ததோ. ஓடிப்போய்க் கையைப் பிடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் கால் உள்ளே திரும்பியது. ட்ரங்குப் பெட்டியைத் திறந்தாள். லைட் பில், ரேஷன் கார்டு, ரசீதுகள். விரலை நனைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாம் இருந்தன, மேலாப்பில், காய்ந்து, நேராக. பெட்டியை மூடிவிட்டு வாசலுக்கு ஓடிவந்தபோது சந்து முக்கு வரைக்கும் யாரும் இல்லை.