தலையில் தெளித்த தண்ணீர்

டெக்சாஸ் கடலில் முந்நூறு வருஷம் முன்பு மூழ்கிய பிரெஞ்சுப் போர்க்கப்பலை வெளியே எடுத்து மியூசியத்தில் வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் பேர்லேண்ட் கோயிலிலிருந்து நாங்கள் சிலர் வேனில் போய்ப் பார்த்தோம். அங்கே காவலுக்கு நின்றவர் ஒல்லியான வயதான வெள்ளைக்காரர். கப்பலில் செத்த மாலுமியின் எலும்புக்கூடு பெட்டியில் இருந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் அவர் தொப்பியைக் கழற்றினார்.

"எலும்பா? தீட்டுங்க. எல்லாரும் தலையக் காட்டுங்க," என்று கூட வந்த ஆன்ட்டி பாட்டில் தண்ணீரைத் தெளித்தார். நானும் குனிந்தேன்.

காவலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவனுக்காக இதுவரைக்கும் யாரும் பிரார்த்தனை பண்ணதில்ல. தேங்க் யூ," என்று இங்கிலீஷில் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

ஆன்ட்டி பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தார். அது தீட்டுக்காகத் தெளித்த தண்ணீர் என்று அவரிடம் சொல்லாமலே வேனுக்குத் திரும்பினோம்.

வீடு திரும்பியதும் மற்றவர்கள் தலைக்குக் குளித்தார்கள். எனக்குக் கூசியது. அன்று நான் குளிக்கவில்லை.