பாய்க்கப்பலில் செலீனக்காவின் கொடி

கொட்டாஞ்சேனை செலீனக்கா ஊசியைக் கீழே வைத்தால் உலகத்தில் எந்தக் கடற்படையும் கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழைய முடியாது. எவ்வளவு பெரிய பீரங்கி வைத்திருந்தாலும் வெளியே அலையில் ஆடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒரு நாட்டுக்குப் போகிற கப்பல் மரியாதைக்கு அந்த நாட்டுக் கொடியை ஏற்ற வேணும். அந்தக் கொடியைத் தைக்கிறது செலீனக்கா. சரி, எல்லாக் கப்பலுக்கும் இல்லை. இதுவரைக்கும் ஒரே ஒரு கப்பலுக்கு.

அது மூன்று பாய்மரம் வைத்த வெள்ளைக் கப்பல். தூரத்து நாட்டுக் கடற்படை ஒன்று தன் பயிற்சிப் பிள்ளைகளை அதில் ஏற்றிக் கடல் பழக்குகிறது. வழியில் அவர்களிடம் இருந்த இலங்கைச் சிங்கக்கொடியைக் காற்று கிழித்துவிட்டது. கப்பல் ஏஜென்ட் அவசரத்துக்கு ஆள் தேட, பள்ளி யூனிபோர்மும் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்குகிற பிள்ளைகளின் சட்டையும் தைக்கிற செலீனக்கா அகப்பட்டா. ஒரே நாளில் தைத்துக் கொடுத்தா; ஏஜென்ட் அதைப் படகில் கொண்டுபோய்க் கப்பலில் சேர்த்தார்.

கப்பல் வந்த அன்று மொட்டைமாடிக்கு ஏறினா. மேல் வீட்டு ஜனா, அதாவது இதை எழுதுகிற ஆள், ஃபோனில் பெருப்பித்துப் படம் எடுத்துக் காட்டினான்.

"அக்கா, பச்சை எல்லே கம்பத்துக்குக் கிட்ட வாறது?"

படத்தில் கம்பத்தோடு செம்மஞ்சள். பச்சை அதற்கு அடுத்தது. கொடியின் இரண்டு பட்டியும் இடம் மாறிக் கிடந்தன.

"பச்சை முஸ்லிம் சனத்துக்கு, செம்மஞ்சள் எங்களுக்கு," என்றா மெல்ல. "தமிழ்ப் பொம்பிளை வேணுமெண்டு தன்ர நிறத்தை முன்னுக்குத் தள்ளினவ எண்டு ஒருத்தன் ஃபேஸ்புக்கில போட்டாக் காணும். பொலிஸ் வீட்ட வரும்."

"நான் போடமாட்டன் அக்கா."

"உன்னை நினைச்சுத்தான் முதல் பயம்."

சனங்கள் பார்க்கக் கப்பலைத் திறந்துவிடுவது ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் செலீனக்கா இன்னொரு கொடியைச் சரியாகத் தைத்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு புறப்பட்டா. பயம் ஒரு பக்கம், விடுப்பு அறிகிற ஆசை ஒரு பக்கம். "இஞ்சின் இருக்கிற காலத்தில ஏன் பிள்ளையளைக் கயித்தில ஏற விடுறாங்கள்? அவ்வளவு பெரிய பாயை எந்த மெஷினில தைக்கிறது?" என்று த்ரீவீலரில் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தா.

கப்பலில் மகாராணி மாதிரி ஏறினா. காவலுக்கு நின்ற பயிற்சிப் பெட்டைக்கு முன்னால் பேக்கைத் திறந்து, "யுவர் ஃப்ளாக் ராங். திஸ் ஃப்ளாக் ரைட்," என்று அதட்டினா. கப்டன் ஓடி வந்து சல்யூட் அடித்தார். நின்ற சனம் எல்லாம் கைதட்டியது.

இவ்வளவையும் ஜனாவின் ஃபோனில் வாசித்த செலீனக்கா கண்ணாடியைக் கழற்றினா.

"டேய், இதை எங்க நிண்டு பார்த்தனீ?"

"உங்களுக்குப் பக்கத்திலதான்."

"ஏணி ஆடுது எண்டு பாதியில இறங்கி, வாசலில ஐஸ்பழம் சூப்பிக்கொண்டு நிண்டது ஆர்? நான் அங்க ஒரு சொல்லும் கதைக்கேல்ல. பேக்கைத் திறந்தன், அழுகைதான் வந்தது. அந்தப் பெட்டை மேல பறக்கிறதையும் என்ர கையில இருக்கிறதையும் மாறி மாறிப் பார்த்துது. ஒருத்தரையும் கூப்பிடேல்ல. கயித்தை இறக்கித் தானே கொடியை மாத்திக் கட்டிச்சுது. பிறகு தன்ர விரலைக் காட்டிச்சுது. முழுக்க ஊசி குத்தின தழும்பு. பாய் தைக்கிறதும் அதுகள்தான், கையால."

"நீங்கள் அழுதனீங்கள் எண்டு எப்பிடி அக்கா எழுதுறது?"

"எழுது. கப்டனை வெட்டு," என்றா செலீனக்கா. "ஐஸ்பழத்தையும் போடு."